யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார்? எல்லைப்புற மாணவர்கள் இலக்கியம் படிக்க ஒரு வழி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். அவர்கள் எழுதிய விடைகளைத் திருத்த உட்கார்ந்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்: "இக்கதையின் மையக்கருத்து அன்பு." பாட்டியைப் பற்றிய கதையா, அன்பு. நாயைப் பற்றிய கவிதையா, அன்பு. வட்டிக்கடைக்காரர் ஒருவரைப் பற்றிய கதைக்கும் ஒருவன் அன்பு என்றே எழுதியிருந்தான். ஏனடா என்று கேட்டேன். "அவருக்குப் பணத்தின்மேல் அன்பு, சார்" என்றான். அரை மதிப்பெண் போட்டேன், அந்தச் சாமர்த்தியத்துக்காக.

இந்தப் பிள்ளைகளுக்கு அறிவுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், பாடப்புத்தகத்தில் இன்னொரு தமிழ் என்று மூன்று மொழிகளை ஒரே நாளில் மாற்றி மாற்றிப் பேசுகிறவர்கள். அவர்களுக்குத் தடையாக இருப்பது கலைச்சொற்களின் பட்டியல்தான். கரு, களம், பாத்திரம், அணி, யாப்பு, உத்தி என்று முதல் வகுப்பிலேயே பெயர்களைக் கொட்டிவிடுகிறோம். பெயர் தெரிந்ததும் பொருள் தெரிந்துவிட்டதாக அவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் படித்தேன். செய்யுளுக்கு 34 உறுப்புகள் என்று தொல்காப்பியச் செய்யுளியல் சொல்வதை ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். ஒன்றுக்குக்கூடப் பொருள் தெரியாது. பல வருடம் கழித்துப் பாடம் நடத்த வந்த பிறகுதான் அந்தப் பட்டியலின் நடுவில் இருக்கும் சில சொற்கள் உண்மையில் கேள்விகள் என்று புரிந்தது. கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம். யார் பேசுகிறார்? யாரிடம்? எங்கே? எப்போது? எதற்காக? எந்த உணர்ச்சியோடு? சொல்லாமல் விட்டது என்ன? இதையெல்லாம் எந்தத் தடயத்தைக் கொண்டு கண்டுபிடித்தாய்? நேற்று அச்சான சிறுகதைக்கும் இந்தக் கேள்விகள் அப்படியே பொருந்தும். கீழே வரும் படிகள் இந்தக் கேள்விகளைச் சுற்றியே அமைந்தவை.

முதல் படி: மூன்று தடவை படியுங்கள், பென்சிலை எடுக்காமல்

பயிற்சிக்கு ஒரு சின்னக் கதை வேண்டும். வகுப்புக்காக நானே எழுதிவைத்திருக்கும் ஒன்றைத் தருகிறேன்.

"வேலந்தாவளத்தில் பஸ் ஏறியதும் அப்பா, 'கோவைக்கு ஒன்றரை' என்றார். மணி ஜன்னலோரம் உட்கார்ந்து பனைகளை எண்ணத் தொடங்கினான். எண்பத்து மூன்றுக்கு மேல் கணக்குத் தவறியது. அப்பா மடியில் இருந்த பையைத் திறந்தார், புதுச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார், மறுபடி மூடினார். 'அங்கே நன்றாகச் சாப்பாடு போடுவார்கள்' என்றார். மணி தலையாட்டினான். மாலையில் அதே பஸ் திரும்பியது. 'வேலந்தாவளம் ஒன்று' என்றார் அப்பா. கண்டக்டர் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்."

முதல் தடவை மனத்துக்குள் படியுங்கள். இரண்டாவது தடவை வாய்விட்டு, தம்பி தங்கைக்குச் சொல்வதுபோலப் படியுங்கள். மூன்றாவது தடவை மெதுவாக, எந்த இடத்தில் உங்களுக்குச் சுருக்கென்றதோ அங்கே நிறுத்துங்கள். என் வகுப்பில் பெரும்பாலோர் "ஒன்று" என்ற சொல்லில் நிற்பார்கள். காலையில் ஒன்றரை, மாலையில் ஒன்று. கதை முழுவதும் அந்த அரைக்குள்தான் இருக்கிறது.

நின்ற இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள். இனி வரப்போகும் எல்லாக் கலைச்சொற்களும் அந்த வட்டத்தை விளக்குவதற்கான கருவிகள், அவ்வளவே. கைடு புத்தகத்தை இந்தப் படி முடியும்வரை பரணில் வைத்துவிடுங்கள். கைடு கெட்டது என்று சொல்ல மாட்டேன். பிறர் வட்டமிட்ட இடம் அதில் அச்சாகியிருக்கிறது, அதுதான் சிக்கல்.

இரண்டாம் படி: யார் சொல்கிறார்?

இந்தப் படியில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான். கதையை எழுதியவரும் கதையைச் சொல்பவரும் ஒரே ஆள் என்று நினைத்துவிடுகிறார்கள். "ஆசிரியர் தன் அம்மாவை இழந்ததைச் சொல்கிறார்" என்று எழுதுவார்கள். ஆசிரியரின் அம்மா நலமாக இருந்திருக்கக்கூடும்.

கதை சொல்பவர் ஓர் ஆளாகக்கூட இருக்க வேண்டியதில்லை. 1915-இல் வ.வே.சு. ஐயர் எழுதிய "குளத்தங்கரை அரசமரம்" கதையைச் சொல்வது ஒரு மரம். தமிழ்ச் சிறுகதையின் தொடக்கத்தைப் பேசும்போது பலரும் முதலில் குறிப்பிடும் கதை அது. மரத்தால் நகர முடியாது. அதன் நிழலுக்கு வந்தவர்களின் பேச்சையும் கண்ணீரையும் மட்டும்தான் அது அறியும். அந்த எல்லையே கதைக்கு வடிவம் கொடுக்கிறது.

கொழிஞ்சாம்பாறை அடங்கிய பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சோகநாசினி ஆற்றங்கரையில் மலையாளக் கவிஞர் எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. அவர் தம் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் அது என்பார்கள். ஆடி மாதம் பிறந்தால், மலையாளத்துக் கர்க்கடகத்தில், அண்டை வீட்டில் மாலை விளக்கு வைத்து ராமாயணம் படிக்கும் ஓசை கேட்குமே, அது அவருடைய கிளிப்பாட்டு. அந்தக் கதையைச் சொல்வது ஒரு கிளி. கவிஞர் கிளியை அழைத்து, கதையைச் சொல் என்று கேட்கிறார், கிளி பாடுகிறது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கூற்று என்றால் என்னவென்று விளக்க வேண்டிய தேவையே இல்லை. "கிளி சொல்கிறது, எழுத்தச்சன் எழுதுகிறார்" என்ற ஒரு வரியில் பாடம் முடிந்துவிடும்.

சங்கப் பாடல் என்றால் வேலை இன்னும் எளிது. பாட்டின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: தலைவி தோழிக்குச் சொல்லியது, தோழி தலைவனுக்குச் சொல்லியது என்று. பெரும்பாலான மாணவர்கள் அதைப் படிப்பதில்லை. முதலில் படிக்க வேண்டியதே அதுதான். அகப்பாட்டில் கவிஞர் தம் குரலில் பேசுவது அரிது; யாரோ ஒருவரின் வாயிலிருந்து, யாரோ ஒருவரின் காதுக்குத்தான் பாட்டுப் போகிறது. கேட்கிற காது மாறினால் அதே சொல்லின் பொருள் மாறிவிடும். "அவன் நல்லவன்தான்" என்று தலைவி தன் தோழியிடம் சொன்னால் அது ஏக்கம். திண்ணைக்கு அப்பால் தலைவன் நிற்பது தெரிந்து, அவன் காதில் விழட்டும் என்று சொன்னால் அது குத்தல்.

நம் பஸ் கதைக்கு வாருங்கள். சொல்பவர் வெளியாள். மணியின் மனத்துக்குள் அவர் எட்டிப்பார்க்கிறார், அதுவும் பனைகளை எண்ணும் அளவுக்கு மட்டும். அப்பாவின் மனத்துக்குள் போகவே இல்லை. கைகள் செய்வதை மட்டும் காட்டுகிறார். "அப்பா வருத்தப்பட்டார்" என்று ஒரு சொல் எழுதியிருந்தால் கதை அங்கேயே செத்திருக்கும்.

மூன்றாம் படி: களமும் காலமும், கூடவே ஒரு பொறி

எங்கே, எப்போது என்ற கேள்விக்கு நம் மரபில் விரிவான பதில் இருக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்துக்குரிய தெய்வம், மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில், பறை முதலியன. உரிப்பொருள் என்பது அங்கே நிகழும் உணர்வு: குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு.

பொறி இங்கேதான் இருக்கிறது. இன்று பத்திரிகையிலும் பாடக் குறிப்பிலும் ஒரு கதையின் மையக் கருத்தையும் "கருப்பொருள்" என்கிறார்கள். தொல்காப்பியத்தின் கருப்பொருள் வேறு, இந்தக் கருப்பொருள் வேறு. நான் படித்த காலத்தில், குறிஞ்சியின் கருப்பொருள் யாது என்ற கேள்விக்கு "காதல்" என்று எழுதி ஐந்து மதிப்பெண்ணைப் பறிகொடுத்தேன். முருகன், வேங்கை, யானை, மயில், தினை என்று எழுதியிருக்க வேண்டும். கேள்வி சங்க இலக்கியத்தைப் பற்றியது என்றால் கருப்பொருள் மரமும் மயிலும். சிறுகதையைப் பற்றியது என்றால் மையக் கருத்து. குழப்பம் வேண்டாம் என்பவர்கள் என்னைப் போலச் சிறுகதைக்கு "மையக்கரு" என்ற சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள்.

திணையை மனப்பாடம் செய்வதைவிடச் சொந்த ஊரில் பொருத்திப் பார்ப்பது நல்லது. கேரளம் என்றதும் வெளியூரார் கண்ணில் தென்னையும் காயலும் தெரியும். நம் கிழக்குச் சித்தூர் அப்படியா? பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று அடித்துக்கொண்டே இருக்கும். மேற்கே பெய்யும் மழையில் பாதிகூட இங்கே எட்டாது. தென்னைக்குப் போட்டியாகப் பனை நிற்கும். கேரளத்தில் கரிசல் மண்ணைப் பார்க்க வேண்டும் என்றால் இங்கேதான் வர வேண்டும். பாலக்காடு என்ற பெயரே பாலை மரத்தால் வந்தது என்று சொல்வோர் உண்டு. பாலைத் திணையும் அந்த மரத்தின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. திணை மயங்கிக் கிடக்கும் ஊர் நம்முடையது. வீட்டுப்பாடமாக உங்கள் ஊருக்கு முதல், கரு, உரி எழுதிப் பாருங்கள். ஒரு மாணவி தன் ஊருக்குக் கருப்பொருளாகப் பனை, நிலக்கடலை, மயில், பால் சொசைட்டி என்று எழுதிவந்தாள். பால் சொசைட்டியை நான் அடிக்கவில்லை. தொழில் கருப்பொருளில் சேர்த்தி என்றால் அதுவும் சேர்த்திதான்.

பஸ் கதையில் களம் எல்லை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவது மட்டும் என்றால் எந்த ஊராகவும் இருக்கலாம். வேலந்தாவளத்தில் ஏறினார்கள் என்பதால் ஒரு சோதனைச்சாவடியைத் தாண்டுகிறார்கள், மணி ஒரு மாநிலத்தைவிட்டே போகிறான். காலம் காலையும் மாலையும். பொழுது சாய்ந்து தனியாகத் திரும்புவதில் நெய்தலின் இரங்கல் கொஞ்சம் கலந்திருக்கிறது. கடல் இல்லாத ஊரில் நெய்தலா என்று கேட்பவருக்கு: உரிப்பொருள் நிலம் மாறியும் வரும் என்று பழைய உரைகாரர்களே இடம் கொடுத்திருக்கிறார்கள்.

நான்காம் படி: நிகழ்ச்சியும் மாந்தரும்

இதை விரைவாக முடித்துவிடலாம். பள்ளியில் போதுமான அளவு சொல்லித்தருகிறார்கள். கதை என்பது என்ன நடந்தது என்பது. கதைப்பின்னல் என்பது அதை எந்த வரிசையில், எதை மறைத்து, எதைக் காட்டிச் சொன்னார்கள் என்பது. பஸ் கதையின் நடுவே ஒரு பகல் முழுவதும் காணாமல் போயிருக்கிறது. கோவையில் நடந்ததை ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அந்த இடைவெளியைக் குறிப்பிட்டாலே பின்னலைப் பற்றி எழுதியாயிற்று.

மாந்தரைப் பற்றி எழுதும்போது "நல்லவர்", "பாசமுள்ளவர்" என்று சான்றிதழ் கொடுக்காதீர்கள். அவர் செய்த ஒரு செயல், சொன்ன ஒரு சொல், இரண்டையும் எடுத்துக்காட்டி, அதிலிருந்து என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். அப்பா சட்டையைத் தொட்டுப் பார்த்து மூடினார். போதும்.

ஐந்தாம் படி: மெய்ப்பாடு

இங்கே எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. கோயில் திருவிழாவில் கதகளி பார்த்தவர்கள், பள்ளி இளைஞர் விழாவில் முகத்தில் பச்சை பூசியவர்கள் உங்களில் இருப்பார்கள். நவரசம் உங்களுக்குத் தெரியும். தொல்காப்பியம் சொல்லும் மெய்ப்பாடு எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஹாஸ்யத்துக்கு நகை, கருணத்துக்கு அழுகை, பீபத்ஸத்துக்கு இளிவரல், அற்புதத்துக்கு மருட்கை, பயானகத்துக்கு அச்சம், வீரத்துக்குப் பெருமிதம், ரௌத்ரத்துக்கு வெகுளி, சிருங்காரத்துக்கு உவகை என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டால் எட்டும் ஐந்து நிமிடத்தில் மனத்தில் நிற்கும். ஒன்பதாவதான சாந்தத்தைப் பிற்காலத்தில் அமைதி என்று சேர்த்துக்கொண்டார்கள்.

எட்டின் பெயரோடு நிறுத்திக்கொண்டால் பாதிச் சுவை போய்விடும். ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு காரணங்களைத் தொல்காப்பியம் சொல்கிறது. பெருமிதம் பிறக்கக் கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை. வாளெடுத்த வீரத்துக்கு முன்னால் கல்வி நிற்பதைக் கவனியுங்கள். அழுகை பிறக்க இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் பிறர் நம்மைத் தாழ்வாக நடத்துவது, இழவு என்றால் இழப்பு, அசைவு என்றால் நல்ல நிலையிலிருந்து தளர்வது. பஸ் கதையின் உணர்ச்சி என்ன என்று கேட்டால் "சோகம்" என்று எல்லோரும் எழுதுவார்கள். இழவினால் வந்த அழுகையா, வறுமையினால் வந்த அழுகையா என்று ஒரு படி மேலே போய் எழுதினால் உங்கள் விடைத்தாள் தனியாகத் தெரியும்.

ஒரு சொல்லில் மட்டும் எச்சரிக்கை. மலையாள ஆசிரியர் "பாவம்" என்று சொன்னால் முகத்தில் தெரியும் உணர்ச்சி என்று பொருளாக இருக்கலாம். அதைத் தமிழ் விடையில் அப்படியே எழுதினால், கண்ணகியின் முகத்தில் பாவம் தெரிந்தது என்று திருத்துபவர் படிப்பார். என்னிடம் அப்படி ஒரு தாள் வந்தது. கண்ணகி என்ன பாவம் செய்தாள் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.

ஆறாம் படி: அணி

தண்டியலங்காரம் சொல்லும் பொருளணிகள் 35. பத்தாம் வகுப்பு மாணவருக்கு நான்கைந்து அணிகள் அடையாளம் தெரிந்தால் போதும். பெயரைக் கண்டுபிடிப்பதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அந்த அணியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன குறையும் என்று கேட்டுப் பழகுங்கள்.

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டில் இரண்டு நெஞ்சங்கள் கலந்ததற்குச் செம்மண்ணில் பெய்த மழைநீர் உவமையாகிறது. பாடியவரின் இயற்பெயர் தெரியாமல், அந்த உவமையாலேயே அவரைச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். ஏன் செம்மண்? நம் ஊர்க் கரிசலில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். கரிசலில் மழை விழுந்தால் சேறு செருப்போடு வீட்டுக்குள் வரும். செம்மண்ணில் விழுந்த நீர் கண்ணெதிரே சிவந்துபோகும். இனி மண்ணின் நிறத்தை நீரிலிருந்து பிரிக்க முடியாது. நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால்தான் அந்த மண். உவமையின் வேலையை இப்படித்தான் விளக்க வேண்டும்.

தற்குறிப்பேற்ற அணிக்குச் சிலப்பதிகாரத்தில் புகழ்பெற்ற இடம் இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. கொடி அசைவது இயற்கை. வர வேண்டாம் என்று கைகாட்டி மறிப்பதைப்போல அசைந்தன என்று இளங்கோ தம் குறிப்பை அதன்மேல் ஏற்றுகிறார். கதை தெரிந்தவனுக்கு அந்த இடத்தில் மயிர் கூச்செறியும். எல்லையில் சோதனைச்சாவடித் தடுப்புக் கம்பம் ஏறி இறங்குவதைத் தினமும் பார்க்கிறீர்கள். மணி போகும் பஸ்ஸுக்கு முன்னால் அது எப்படி இறங்கியிருக்கும் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அணி பாடத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஏழாம் படி: யாப்பை பஸ் போர்டில் படிப்பது

யாப்பு என்றதும் பாதிப் பேருக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றும். பயப்படும்படி அதில் ஒன்றுமில்லை. எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி. அசை இரண்டே வகை. குறிலோ நெடிலோ தனியாகவோ, பின்னால் மெய்யெழுத்தோடோ வந்தால் நேர். இரண்டு குறில் இணைந்தோ, குறிலும் நெடிலும் இணைந்தோ, தனியாகவோ மெய்யோடோ வந்தால் நிரை. இரண்டு அசை சேர்ந்தால் நான்கு வாய்பாடு: நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம்.

இதைப் பாடநூலில் படித்தால் மறந்துபோகும். பஸ் நிலையத்தில் நில்லுங்கள். சித்தூர்: சித், தூர். நேர் நேர், தேமா. பழனி: பழ, னி. நிரை நேர், புளிமா. வடகரை: வட, கரை. நிரை நிரை, கருவிளம். கோட்டயம்: கோட், டயம். நேர் நிரை, கூவிளம். நான்கு ஊர், நான்கு வாய்பாடு. பொள்ளாச்சி மூன்று அசை: பொள், ளாச், சி. மூன்றும் நேர், தேமாங்காய். ஒரு வாரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் அலகிட, அதாவது சீரை அசையாகப் பிரித்து வாய்பாடு சொல்லத் தெரிந்துவிடும்.

பிறகு முதல் குறளை எடுங்கள். அகர, முதல, பகவன், முதற்றே நான்கும் புளிமா. எழுத்தெல்லாம் புளிமாங்காய். ஆதி தேமா. கடைசிச் சீரான உலகு, பிறப்பு என்ற வாய்பாட்டில் முடியும். அகர, பகவன் என்று இரண்டு அடிகளிலும் இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை. முதல் எழுத்து ஒன்றினால் மோனை.

மலையாளமும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு லாபமும் ஒரு நட்டமும் உண்டு. லாபம் இது: மலையாள வகுப்பில் வரும் "த்விதீயாட்சரப் பிராசம்" என்ற நீளமான சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். த்விதீயம் என்றால் இரண்டாவது. அது நம் எதுகையேதான். பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த லீலாதிலகம் என்ற மணிப்பிரவாள (மலையாளமும் வடமொழியும் கலந்த நடை) இலக்கணம் பாட்டு என்ற செய்யுள் வகைக்கு இலக்கணம் சொல்லும்போது எதுகை, மோனை என்ற இரண்டு சொற்களையுமே எடுத்தாள்கிறது. அந்த எதுகை கவிதைக்குக் கட்டாயமா இல்லையா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மலையாளக் கவிஞர்கள் இரு அணியாகப் பிரிந்து சண்டையே போட்டிருக்கிறார்கள்.

நட்டம் "விருத்தம்" என்ற சொல்லில். மலையாளத்தில் விருத்தம் என்றால் பொதுவாக எந்தச் செய்யுளின் ஓசையமைப்பும். காகளி ஒரு விருத்தம், கேகை ஒரு விருத்தம். தமிழில் விருத்தம் என்பது பாவினங்களில் ஒன்று. "திருக்குறள் எந்த விருத்தத்தில் அமைந்தது" என்று ஒருவன் என்னைக் கேட்டான். குறள் வெண்பாவில் அமைந்தது. அதற்கு விருத்தமே கிடையாது.

எட்டாம் படி: சொல்லாமல் விட்டது

கடைசியாக எச்சம். எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு. பாட்டிலோ கதையிலோ சொல்லாமல் விடப்பட்டு, படிப்பவர் நிரப்பிக்கொள்ள வேண்டியது. எப்படி வேண்டுமானாலும் நிரப்பலாமா? கூடாது. இன்ன இடத்தில் இன்னார் இன்னாரிடம் பேசத் தக்க பேச்சு இது என்று உணர்த்தும் குறிப்பை முன்னம் என்கிறார்கள். எச்சத்தை முன்னத்தைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும்.

மணி எங்கே போனான்? என் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். விடுதியில் சேர்த்துவிட்டு வந்தார் என்று ஒரு கட்சி. வேலைக்கு விட்டுவிட்டு வந்தார் என்று இன்னொரு கட்சி. அரை டிக்கெட் வாங்கும் வயது, புதுச் சட்டை, சாப்பாட்டைப் பற்றிய ஆறுதல். இந்த மூன்று தடயங்களை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம். புத்தகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்பான் ஒருவன். வேலைக்கு விடப் போகிறவர் புதுச் சட்டை வாங்குவாரா என்பாள் ஒருத்தி. பைக்குள் சட்டைக்கு அடியில் என்ன இருந்தது என்று கதை சொல்லவில்லை என்பான் மூன்றாமவன். எதை எழுதினாலும் மதிப்பெண் உண்டு, தடயத்தைக் காட்டினால். மணி ராணுவத்தில் சேர்ந்தான் என்று எழுதினால் கிடையாது.

இப்போது மையக்கருவை எழுதுங்கள். ஒற்றைச் சொல்லாக எழுதாமல் ஒரு முழு வாக்கியமாக எழுத வேண்டும். அந்த வாக்கியத்தில் கதையில் வந்த ஒரு பொருளோ செயலோ இடம்பெற வேண்டும். இந்த ஒரு விதியை வைத்தபின் என் மாணவர்களின் தாளில் "அன்பு" பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஒரு பெண் எழுதியது: "சொல்ல முடியாததைப் பெரியவர்கள் சாப்பாட்டைப் பற்றிய பேச்சாக மாற்றிச் சொல்கிறார்கள்." பிரிவு, வறுமை, பாசம் என்ற மூன்று சொல்லும் இல்லாமல் மூன்றையும் சொல்லிவிட்டாள்.

தேர்வில் எழுதும்போது வரிசை இப்படி இருக்கட்டும்: முதல் வாக்கியத்தில் யார், எங்கிருந்து, எப்படிச் சொல்கிறார் என்பது. அடுத்து நீங்கள் வட்டமிட்ட இடம், மேற்கோளோடு. பிறகு அந்த இடத்தை விளக்க உதவும் இரண்டு உறுப்புகள் மட்டும். எல்லா உறுப்புகளையும் அடுக்கினால் பட்டியலாகிவிடும். முடிவில் மையக்கரு வாக்கியம். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், திருத்துபவரும் மனிதர்தான்.

அடுத்த சனிக்கிழமைக்கான வேலை ஒன்று. அதே கதையைக் கண்டக்டர் சொல்வதாகப் பத்து வரியில் எழுதுங்கள். அவர் மணியின் மனத்துக்குள் போக முடியாது. ஆனால் காலையில் ஒன்றரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தது அவர் கை. அந்த ஒரு கணப் பார்வைக்குள் என்ன இருந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் தமிழில் சொல்கிறாரா, மலையாளம் கலந்து சொல்கிறாரா, யாரிடம் சொல்கிறார், இரவு டிப்போவில் டிரைவரிடமா, வீட்டில் மனைவியிடமா என்பதை எழுதத் தொடங்கும் முன் முடிவு செய்து, தாளின் மேல் ஓரத்தில் ஒரு வரியில் குறித்துவையுங்கள். நான் முதலில் படிக்கப்போவது அந்த வரியைத்தான்.